ஏழாவது வரிசை, பதினாறாவது அலமாரி

எங்கள் கிடங்கில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எக்ஸ்பிரஸ் என்பார்கள். மருந்துக் கிடங்கு அது. ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் அங்கிருந்துதான் பெட்டிகள் போகின்றன. பதினெட்டு வரிசை இரும்பு அலமாரிகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு, கேட்ட மருந்தைக் கேட்ட எண்ணிக்கையில் எடுத்துப் போடுவது என் வேலை. உட்கார எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பிடிக்கும். விட்டால்தானே!

விடாதவள் நாத்தனார். ஹெட்போனில் பேசும் பெண்குரலுக்கு நாங்கள் வைத்த பேர் அது. காலையில் தலையில் மாட்டினால் சாயங்காலம் கழற்றும்வரை ஓயமாட்டாள். "வரிசை ஏழு, அலமாரி பதினாறு" என்பாள். அங்கே போய், அலமாரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள எண்ணைப் படித்துச் சொல்லவேண்டும். "எழுபத்தி நாலு." எண் சரியாக இருந்தால், ஆள் சரியான இடத்தில்தான் நிற்கிறாள் என்று நம்பி, "மூன்று எடு" என்பாள். எடுத்துப் போட்டுவிட்டு "தயார்" என்றால் அடுத்த இடம். தும்மினால்கூட "காத்திருக்கிறேன்" என்று இடிப்பாள். என் சொந்த நாத்தனார் இவளுக்கு முன்னால் தங்கம். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து வீட்டிலும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் எதையாவது எடுத்து எங்காவது வைப்பேன். என் வீட்டுக்காரர் "கொஞ்சம் தண்ணி எடு" என்றால் எடுத்து வைத்துவிட்டு "தயார்" என்கிறேன். அவர் சிரிக்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

அதற்காக அந்தக் காலத்துப் பேப்பர் பட்டியல்தான் சொர்க்கம் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கையில் பட்டியல், காதில் பென்சில், இன்னொரு கையால் எடுத்து, டிக் அடித்து, மங்கிப்போன எழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து... வாரத்துக்கு நாலு பெட்டி தப்பாகப் போய்த் திரும்பி வரும். யார் தப்பு என்று அரை நாள் சண்டை நடக்கும். நாத்தனார் வந்தபிறகு அந்தச் சண்டையெல்லாம் ஒழிந்தது. இரண்டு கையும் காலி. தப்பு மாதத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் என் ஓரகத்தி. கொழுந்தனாரின் பெண்டாட்டி, எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். எழுத்தைக் கண்டால் அவளுக்கு இடம் மாறித் தெரியும். முப்பத்தெட்டு எண்பத்துமூன்றாகிவிடும். கண்ணில் கோளாறில்லை, பிறவியிலேயே அப்படி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கொழுந்தனார் விளையாட்டுக்குச் சொல்வதுபோல் "மக்கு" என்பார். அவளும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்கும் அவளுக்கும் ரொம்ப ஒட்டுதல் என்று சொல்ல முடியாது. அடுப்படியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது முட்டிக்கொள்வோம். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. "காதால கேக்கற வேலைதான், வா" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் ஸ்டிக்கரில் எண் இருக்கிறதே? அதற்கும் வழி இருந்தது. கிடங்கில் பழைய ஆட்கள் யாருமே ஸ்டிக்கரைப் படிப்பதில்லை. எல்லா எண்ணும் மனப்பாடம். நாத்தனார் இடத்தைச் சொன்னதுமே, நடந்துகொண்டே எண்ணைச் சொல்லிவிடுவோம். அலமாரிக்குப் போய்ச் சேர்வதற்குள் "மூன்று எடு" வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நாலு நொடி மிச்சம். சுவரிலிருக்கும் டிவியில் வேகப் பட்டியல் ஓடும். நாலு நாலு நொடியாகச் சேர்த்துத்தான் நான் எக்ஸ்பிரஸ் ஆனேன். மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். அவர் வாயைத் திறந்தாலே நூற்றுக்கு இத்தனை என்றுதான் பேசுவார், அதனால் அவருக்குச் சதவீதம் என்று பேர். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்.

ஓரகத்திக்கு அடுப்படியில் சொல்லிக்கொடுத்தேன். நான் வெங்காயம் நறுக்குவேன், அவள் பாத்திரம் தேய்ப்பாள். "ஏழுல பதினாறு?" "எழுபத்தி நாலு." "ஏழுல பதினேழு?" "இருபத்தொம்பது." பதினெட்டு வரிசையையும் ஒன்றரை மாதத்தில் விழுங்கிவிட்டாள். அப்படி ஒரு காது அவளுக்கு. யார் சொன்னது மக்கு என்று? அறுபது பேரில் முப்பத்தொன்றாவது இடத்துக்கு வந்த அன்றைக்கு அந்த டிவியைப் போட்டோ எடுத்து வந்து வீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள். கொழுந்தனார் மக்கு என்று சொல்வதை அன்றோடு விட்டார். ஆறு மாதம் அவளுக்குச் சோதனைக் காலம். அது முடிய ஒன்பது நாள் இருந்தபோதுதான் இது நடந்தது.

ஏழாவது வரிசையில் பதினாறும் பதினேழும் பக்கத்துப் பக்கத்து அலமாரிகள். இரண்டிலும் வலிப்புக்குக் கொடுக்கும் சிரப். ஒரே கம்பெனி, ஒரே நீல அட்டை. பதினாறில் குழந்தைகளுக்கானது, பதினேழில் பெரியவர்களுக்கானது. பெரியவர்களுடையது நாலு மடங்கு வீரியம். அட்டையின் மூலையில் ஒரு சின்ன எண் மட்டும்தான் வித்தியாசம். இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொன்ன மகராசன் யாரோ.

அன்று காலை பதினொரு மணிக்கு நாத்தனார் என்னைப் பதினாறாவது அலமாரிக்கு அனுப்பினாள். வழக்கம்போல் வழியிலேயே "எழுபத்தி நாலு" என்றேன். "இரண்டு எடு." கையை நீட்டினால், அட்டைப்பெட்டி டேப் ஒட்டியபடி அப்படியே இருக்கிறது. கத்தியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு இதே அலமாரிக்கு வந்தேனே. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மூன்று பாட்டில். அப்போது பெட்டியை வெட்டினேனே. வெட்டின டேப் முழங்கையில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகாமல், பல்லால் கடித்து இழுத்தேன். அந்தப் பசையின் கசப்புகூட நாக்கில் இருந்தது. வெட்டின பெட்டிக்கு மறுபடி டேப் எப்படி வரும்?

பக்கத்தில் பார்த்தேன். பதினேழில் இருந்த பெட்டி வெட்டியிருந்தது.

வாய் பதினாறின் எண்ணைச் சொல்லியிருக்கிறது, கை பதினேழில் எடுத்திருக்கிறது. நாலு மடங்கு மருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. "காத்திருக்கிறேன்" என்றாள் நாத்தனார். "செத்துப் போ" என்றேன். "புரியவில்லை" என்றாள்.

சதவீதம் தன் கண்ணாடி அறையில் இரண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்தார்.

"சிஸ்டத்துல தப்பு ஒண்ணும் காட்டலையேம்மா. இந்த மாசம் நீ நூத்துக்கு நூறு."

"சிஸ்டத்துக்கு என் வாய்தான் சார் தெரியும். கை எங்க போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"சரி வா, எண்ணிப் பாத்துடலாம்."

வந்தார். அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன். கையில் டேப்லெட்டோடு வந்து இரண்டு அலமாரியையும் எண்ணினார். பதினாறில் இருபது இருக்கவேண்டும், இருபது இருந்தது. பதினேழில் பதினேழு இருக்கவேண்டும், பதினேழே இருந்தது. டேப்லெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாத்தியா? டாலி! பதினாறுல உதிரியா மூணு இருந்திருக்கு, அதைத்தான் காலையில எடுத்திருக்க. சீல் பண்ண பெட்டி அப்படியே இருக்கு. பதினேழுல நேத்து சாயங்காலம் நாப்பத்தி நாலாம் நம்பர் மூணு எடுத்திருக்கு. அது வெட்டின பெட்டி இது."

"அப்ப நான் வெட்டின டேப்பு?"

"ஒரு நாளைக்கு நூறு டேப்பு வெட்டறே. வேற எதையாவது நினைச்சிட்டிருப்ப. போய் ஒரு டீ குடி."

நிஜமாகவே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் காரணம். அவர் போனபிறகு வண்டியை நாலடி தள்ளினேன், நின்றேன், மறுபடி தள்ளினேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல அந்த வரிசைக்குள்ளேயே போவதும் வருவதுமாக இருந்தேன்.

நாற்பத்துநான்காம் நம்பர் என் ஓரகத்தி.

பதினேழில் பெட்டியை இன்று காலை நான்தான் வெட்டினேன் என்றால், நேற்றுச் சாயங்காலம் அது சீலோடு இருந்திருக்கிறது. அப்படியானால் அவள் நேற்று எடுத்த மூன்று அதிலிருந்து எடுத்ததில்லை. பக்கத்தில் பதினாறில் உதிரியாகக் கிடந்த மூன்றைத்தான் எடுத்திருக்கிறாள். அவள் பதினேழுக்குப் பதில் பதினாறில் எடுத்தாள். நான் பதினாறுக்குப் பதில் பதினேழில் எடுத்தேன். அவள் தப்பின்மேல் என் தப்பு சரியாகப் பொருந்திக்கொண்டு, கணக்கு நேராகிவிட்டது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் மருந்து. எங்கோ ஒரு கடையில் பெரியவர்கள் வாங்கிப் போகக் குழந்தைகள் மருந்து, கால்வாசி வீரியத்தில். திரையில் மட்டும் எல்லாம் பச்சை.

செல்போனை வாசலிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். கழிவறைக்கு என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் அங்கேயும் ஒரு நாத்தனார். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்." எதை எதையோ அழுத்தி, மூன்றாவது தடவையில் மருந்தகத்திலிருந்து ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

"உங்க பெட்டி வந்துடுச்சும்மா. ஸ்கேன் பண்ணிட்டோம். பில்லோட பொருந்துது."

"பெட்டிக்கு வெளியதான ஸ்கேன் பண்ணுவீங்க? உள்ள பாட்டிலைப் பாருங்க சார்!"

"அம்மா, நாப்பது பெட்டி வந்திருக்கு, நான் ஒரே ஆளு. உங்க கம்பெனியிலிருந்து நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தா நிறுத்திடுவேன். போன்ல யாரு யாரோ சொல்றதுக்கு நிறுத்த முடியாது. ரெண்டு மணிக்கு வார்டுக்குப் போகுது, அதுக்குள்ள அனுப்பச் சொல்லுங்க."

அப்போது பன்னிரண்டு பத்து.

மறுபடி சதவீதத்திடம் ஓடினேன். இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை. நோட்டீஸ் அனுப்புங்கள் என்றேன். மனப்பாடமாக எண் சொல்வதையும் வாய்விட்டே சொன்னேன். அவர் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார்.

"அதை சத்தமா சொல்லாத. எல்லாரும் பண்றதுதான். அதனாலதான் நம்ம வேகம் தொண்ணூத்தி ஆறு சதவீதம்."

"ஒரு குழந்தைக்கு நாலு மடங்கு மருந்து உள்ள போனா எத்தனை சதவீதம் சார்?"

"கத்தாத. நான் என்ன கல்லா? ஆனா நோட்டீஸ் நான் கையால அனுப்ப முடியாது. சிஸ்டத்துல வித்தியாசம் இருக்கணும். இல்ல, சம்பந்தப்பட்டவங்க வந்து சொல்லணும். உன் ஒருத்தி பேச்சுக்கு எண்ணிக்கையே எதிரா இருக்கு. தலைமை ஆபீசுக்குப் புகார் டிக்கெட் போட்டிருக்கேன். நாலு மணி நேரத்துல பதில் வரும்."

நாலு மணி நேரம்! இந்த மனிதரை அந்தத் திரையோடு சேர்த்துக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் போலிருந்தது.

சம்பந்தப்பட்டவள் பதினோராவது வரிசையில் இருந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே பேசினாள். நின்றால் அவள் நேரம் ஓடும். ஒன்பது நாள்தானே பாக்கி.

"ஏய், நேத்து சாயங்காலம் ஏழுல பதினேழுல மூணு எடுத்தியே. பெட்டியில டேப்பு இருந்துச்சா?"

"அறுபத்தி மூணு" என்றாள் நாத்தனாரிடம். பிறகு என்னிடம், "என்னக்கா? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

நடந்துகொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரி, இரண்டு மணி, நோட்டீஸ், அவள் எடுத்த மூன்று பாட்டில். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. கை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது.

"நீயே வந்து சொல்லிடுடி. தானா சொன்னா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. மிஷினே கண்டுபிடிச்சா சோதனைக் காலத்துல இருக்கிறவங்களை நிக்கவிட மாட்டாங்க. முதல் நாளே படிச்சுக் காட்டினாங்கல்ல? சொல்லு. நேத்து அந்த டேப்பை நீ வெட்டினியா, இல்லையா?"

"தயார்" என்றாள் நாத்தனாரிடம். என்னைப் பார்க்கவில்லை.

"வெட்டினேன்க்கா. நான்தான் வெட்டினேன்."

பொய். பச்சைப் பொய். அவள் பொய் சொன்னால் காதை இழுத்துக்கொள்வாள், ஆறு வருஷமாக அடுப்படியில் பார்க்கிறேன். ஹெட்போனுக்குக் கீழே கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. உனக்காக நாயாய் அலைந்து வேலை வாங்கிக் கொடுத்தால், ஒரு குழந்தையின் உயிரைவிட உனக்கு இந்த டிவியில் முப்பத்தொன்றாவது இடம் பெரிதாகப் போய்விட்டதா? இதையெல்லாம் நான் வாயால் கேட்கவில்லை. "நல்லா இருடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பன்னிரண்டு நாற்பது. டீ குடிக்கக் கூப்பிட்ட ஒட்டடைக்குச்சியை, வேகப் பட்டியலில் எனக்கு அடுத்து இருக்கும் அந்த நெட்டைப் பையனை, வண்டியால் இடிக்கப் போனேன். போகிற வேகத்தில்தான் வழி தோன்றியது. எங்கள் கிடங்கில் ஒரு அலமாரியில் இரண்டு மருந்து சேர்ந்து கிடந்தால் அதற்குக் கலப்பு என்று பேர். அதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. யார் பார்த்தாலும் உடனே நாத்தனாரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சொன்ன அடுத்த நிமிடம் அந்த அலமாரிகளுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். கடந்த மூன்று நாளில் அவற்றிலிருந்து எங்கெங்கே என்ன போனதோ அத்தனை இடத்துக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லி நோட்டீஸ் தானாகப் போகும். சதவீதமே நினைத்தாலும் அணைக்க முடியாது.

ஆனால் அதற்கு நிஜமாகவே கலப்பு இருக்கவேண்டும். வந்து பார்ப்பார்கள்.

அத்தனை இடம் என்றால் அவள் பெட்டி போன கடையும் அதில் உண்டு. அங்கே பாட்டிலைத் திறந்து பார்ப்பார்கள். நாற்பத்துநான்காம் நம்பர் வெளியே வந்துவிடும். தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கோபமும் கூடவே இருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

பதினேழிலிருந்து மூன்று பாட்டிலை எடுத்துப் பதினாறில், சீல் வைத்த பெட்டிக்கு முன்னால் வைத்தேன். ஒன்று உருண்டு போனது, பிடித்து நிமிர்த்தி வைத்தேன். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

"கலப்பு" என்றேன்.

"இடம் சொல்."

"வரிசை ஏழு. பதினாறு, பதினேழு." எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டிக்கரைக் கண்ணால் பார்த்து எண்ணைப் படித்தேன். "எழுபத்தி நாலு. இருபத்தொம்பது."

"உறுதியா?"

"உறுதி."

தலைக்கு மேலே சிவப்பு எரிந்தது. ஒன்று சொல்லவேண்டும், நான் அந்த இயந்திரத்தை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அது ஏன் எதற்கு என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனிதர்களிடம் ஒன்றேகால் மணி நேரம் கெஞ்சினேன், அது ஒரு நிமிடத்தில் பதினொரு இடத்துக்குச் சொல்லிவிட்டது.

சதவீதம் ஓடிவந்தார். மூன்று பாட்டிலையும் பார்த்தார். "பதினொன்றரைக்கு நான் எண்ணும்போது இது இங்க இல்ல" என்றார் மெதுவாக.

"இல்லதான்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் திரையைத் தவிர வேறொன்றை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு டேப்லெட்டில் 'சரிபார்த்தேன்' என்ற இடத்தை அழுத்தினார். அதற்காக அவருக்கு என் பழைய திட்டில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். மூன்று பாட்டிலும் பெரியவர்களுடையது. வார்டுக்குப் போகவில்லை, சீல் உடையவில்லை. நான் சதவீதத்தின் அறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நாற்காலியைக் காட்டினார், தரையே போதும் என்றேன்.

இரண்டு மணிக்கு அந்தக் கடையிலிருந்தும் பதில் வந்தது. நேற்று அனுப்பிய மூன்றும் குழந்தைகளுடையது. ஒன்று காலையில் விற்றுப்போய்விட்டது. வாங்கியவரின் போன் நம்பர் அவர்கள் கணினியில் இருந்ததால் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வேளைதான் குடித்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை, வேறு பாட்டில் கொடுத்தாயிற்று. பேப்பர் காலமாக இருந்தால் அந்த மனிதரை எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

மூன்று மணிக்குத் தலைமை ஆபீஸ் கடிதம் சுவர் டிவியில் ஓடியது. மனிதத் தவறை நமது அமைப்பு உடனே கண்டுபிடித்துவிட்டது என்று அமைப்புக்குப் பாராட்டு. எல்லா ஸ்டிக்கரையும் வாரக் கடைசியில் மாற்றப் போகிறார்கள், இனி மாதாமாதம் மாற்றுவார்களாம். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. என்னை உண்மையில் நிறுத்தியிருக்கவேண்டும். ஏழு வருஷ சேவைக்காக விட்டார்கள்.

ஓரகத்தியைச் சதவீதம் உள்ளே கூப்பிட்டார். நானும் கூடவே நுழைந்தேன், அவர் தடுக்கவில்லை.

"அவளா வந்து சொன்னதா போட்டுக்குங்க சார்" என்றேன்.

"முடியாதும்மா. யாரு கண்டுபிடிச்சதுன்னு நேரத்தோட பதிவாயிருக்கு. இவங்க பன்னிரண்டரைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும்." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இந்தத் தடவை அவர் வாயில் நூற்றுக்கு இத்தனை என்று எதுவும் வரவில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். நாத்தனார் ஆளை அடையாளம் காண வைத்திருந்த அவள் குரல் பதிவை அவர் திரையில் அழித்ததையும் நின்று பார்த்தாள்.

பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். நான் பையை மடியில் வைத்தேன், கீழே வைத்தேன், மறுபடி மடியில் வைத்தேன். நாலு நிறுத்தம் தாண்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் மாத்தி வச்சேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு வேற வழி தெரியலடி. ரெண்டு மணிக்கு வார்டுக்குப் போயிருக்கும்."

"தெரியும்க்கா. நீ பண்ணினது சரிதான்."

"பின்ன ஏன்டி அப்படிப் பொய் சொன்ன?"

"பயம். வாய் தானா சொல்லிடுச்சு. சொன்ன உடனே தெரிஞ்சிடுச்சு, தப்பு பண்றேன்னு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ திரும்பிப் போனதும் ஹெட்போனைக் கழட்டிட்டேன். வேலை செய்யல."

"அப்படின்னா நேரா வந்து சொல்லியிருக்கலாமேடி!"

"கால் வரலக்கா. நீ கோவத்துல போனா அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து மறுபடியும் சண்டை போடுவ, வீட்ல எப்பவும் அப்படித்தான். வந்து இன்னொரு தடவை கேப்ப, சொல்லிடலாம்னு அங்கேயே நின்னுட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"சிவப்பு லைட்டு எரியற வரைக்கும்."

நான் வாய்விட்டு அழுதேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அவள்தான் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.